பொதிகையில் ஏறி, புன்னைக்காயலில் இறங்கி

தாமிரபரணி பிறப்பதும் கடலில் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயேதான். மொத்த நீளம் சுமார் 125 கிலோமீட்டர். காவிரிக் கரையோடு போக நீண்ட விடுப்பு வேண்டும். தாமிரபரணிக்கு ஒரு வார இறுதியும் நல்ல சைக்கிளும் போதும். கூட வர நண்பர்கள் இருந்தால் இன்னும் நல்லது. தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நாங்கள் நால்வர் பாபநாசத்தில் கூடியது அப்படித்தான்.

சைக்கிள்களைக் கீழே விட்டுவிட்டு முதலில் பஸ்ஸில் காரையாறு ஏறினோம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் சோதனைச்சாவடியில் பை பையாகத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். 143 அடி உயர அணைக்கு அப்பால், பாணதீர்த்தத்துக்கும் மேலே, பொதிகை மேகத்துக்குள் இருந்தது. அந்த உட்காட்டில்தான் ஆறு பிறக்கிறது. சொரிமுத்து அய்யனார் கோயிலை ஒட்டி ஓடும் தண்ணீரில் இறங்கினோம். கால் வைத்ததும் குளிர் மண்டைக்கு ஏறியது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு.

மறுநாள் விடியலில் பாபநாசம் படித்துறையில் பார்த்தது வேறு காட்சி. பரிகாரத்துக்காக ஆற்றில் விட்ட வேட்டியும் சேலையும் பாறை இடுக்கெல்லாம் சுற்றிக் கிடந்தன. ஒருவரும் யாரையும் கேட்கவில்லை. நால்வரும் இறங்கி, கைக்கு எட்டியதையெல்லாம் இழுத்துக் கரையில் குவித்தோம். நனைந்த துணி என்ன கனம் கனக்கிறது! பாவத்தைக் கழுவ வருகிறவர்கள் ஆற்றின் மேல் அதை ஏற்றிவிட்டுப் போகக் கூடாது.

அங்கிருந்து சைக்கிள். விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், அப்பள மணம் வீசும் கல்லிடைக்குறிச்சி. இரண்டு பக்கமும் பிசானப் பருவ நெற்பயிரின் பச்சை. இந்தப் பச்சைக்குக் காரணம் ஆற்றின் குறுக்கே நிற்கும் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர் வரை ஏழு, வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே நம்மவர் கட்டியவை. தண்ணீரை முட்டி நிறுத்தாமல், சாய்வாகத் தடுத்துக் கால்வாய்க்குள் திருப்பி விடுகின்றன. மிஞ்சியது வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போகும். கன்னடியன் கால்வாய்க் கரையில் மண்வெட்டியோடு நின்ற பெரியவர், “சைக்கிள்லயா கடலுக்குப் போறிய? எங்களுக்கு மிஞ்சின தண்ணிதான் தம்பி, உங்களுக்கு முன்னாடி போகுது” என்றார். ஒரு ஆற்றின் நீர்ப்பங்கீடு முழுவதையும் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

வீரவநல்லூர்ப் பக்கம் பாலம் கடந்து திருப்புடைமருதூர் போனோம். கடனாநதி வந்து சேரும் இடம் அது. கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டியிருந்தன. ஊர்க்காரர்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்ததால், 2005-இல் அந்த இடம் நாட்டின் முதல் ‘பாதுகாப்புக் காப்பகம்’ ஆனது. பத்தமடையில் பாயும் இந்த ஆற்றின் கொடைதான். கோரையை ஆற்றுநீரில் ஊறப்போட்டுத்தான் பட்டுப்போன்ற இழையாகக் கிழிக்கிறார்கள்.

திருநெல்வேலியைத் தொடும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டிய பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. இன்றும் ஆற்றின் இரு கரைகளையும் அது இணைக்கிறது. கீழே குறுக்குத்துறை முருகன் கோயில், வெள்ளம் வந்தால் மூழ்கி, வடிந்ததும் எழுந்து நிற்கும். ஆனால் அதே கரையில்தான் சாக்கடையும் வந்து கலக்கிறது. காலையில் நாங்கள் அள்ளிக் குடித்த நீர் இது. அந்த இடத்தில் எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பாதை சமதளம். கருங்குளம் தாண்டி ஆதிச்சநல்லூரில் இறங்கினோம். அலெக்சாண்டர் ரியா 1899 முதல் தோண்டிய பரம்பு இது. முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே கண்ணாடிக்குக் கீழே காட்டுகிறார்கள். தம் முன்னோரை ஆற்றங்கரை மேட்டில் வைத்துவிட்டு, கீழே வயலில் நெல் விதைத்த மக்கள்.

ஸ்ரீவைகுண்டம்தான் எட்டாவது, கடைசி அணைக்கட்டு. ஆங்கிலேயர் காலத்தது. வாழைத்தோட்டமும் தூத்துக்குடியின் ஆலைகளும் இங்கிருந்து நீர் எடுக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு ரயில் நிறையப் பயணிகள் சிக்கிக்கொண்டதும் இந்த ஊர் நிலையத்தில்தான். ஊருக்குள் சோறு பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்ததைத் தேநீர்க் கடை அண்ணாச்சி சொல்லச் சொல்ல, நாங்கள் வந்த வழி முழுதும் மனதில் திரும்ப ஓடியது. மேலே மலையில் பெய்தால் கீழே என்ன ஆகும் என்பதை மிதித்து வந்த கால்களால் உணர முடிந்தது.

ஆழ்வார்திருநகரி, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், முக்காணி. பிறகு காற்றில் உப்பு. ஒருகாலத்து முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டலே அதைத் தள்ளியது. புன்னைக்காயலில் வள்ளங்களுக்கு நடுவே ஆறு கடலுக்குள் போனது. சொரிமுத்து அய்யனார் கோயிலில் சில்லிட்ட நீர் இங்கே வெதுவெதுப்பாய், கலங்கலாய், கரித்தது.

ஊர் சுற்ற நண்பர்களோடு தூரதேசம் போகத்தான் வேண்டுமா? நம் குழாயில் வரும் தண்ணீரின் வழியை ஒருமுறை முழுதாக மிதித்துப் பாருங்கள். மேலே ஒருவர் போட்ட துணி கீழே யார் வாய்க்காலை அடைக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், கை தானாக நிற்கும். படித்தும் கேட்டும் எங்களுக்கு வராத அக்கறையை இந்தச் சைக்கிள் பயணம் தந்தது. அடுத்தது சிற்றாறு: குற்றாலத்தில் தொடங்கி, அது தாமிரபரணியோடு சேரும் சீவலப்பேரி வரை. இந்த முறை ஆளுக்கொரு சாக்குப்பையும் கொண்டுபோகிறோம்.