தட்டினால் விடவேண்டும்

ஜூடோ கூடத்தில் மற்ற எல்லா விதிகளுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. கழுத்திலோ முழங்கையிலோ பிடிபட்டவர் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு தரம் தட்டினால், பிடித்தவர் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கலாமே என்று எவரும் கேட்பதில்லை. இருவரும் எழுந்து, உடுப்பைச் சரிசெய்து, தலை குனிந்துவிட்டு மறுபடி பிடிக்கிறார்கள். பாரிஸுக்கு வடக்கே, சேன்-சென்-தெனி மாவட்டத்தின் நகரசபை விளையாட்டரங்கு ஒன்றில், பல வருடங்களாக இந்த விதிக்குக் கீழ் நான் பயிற்சி செய்து வருகிறேன். இலங்கையிலிருந்து அகதியாக வந்த தமிழனான எனக்கு இந்த நாடு தந்தவற்றில், 10 வருட வதிவிட அட்டைக்கு அடுத்ததாக இதைத்தான் சொல்வேன்.

நிலத்தில் கிடந்து பொருதும் பகுதியில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். ஒரு கழுத்துப் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கை விரல்கள் எதிராளியின் கொலருக்குள்ளே ஆழமாக, காதுக்குக் கீழே வரை போகவேண்டும். இடது கை அதற்குக் குறுக்காக மறுபக்கக் கொலரைப் பிடிக்கும். பிறகு கையால் நெரிப்பதல்ல, நெஞ்சைத் தாழ்த்துவதுதான் வேலை. மூச்சுக்குழாயை அமுக்கினால் அவருக்கு நோகும், இருமுவார், ஆனாலும் தாக்குப்பிடிப்பார். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் இரத்தக்குழாய்கள் சரியாக அமுங்கினால் நோவே பெரிதாக இராது. சில நொடிகளில் கண் இருட்டிக்கொண்டு வரும். படிப்பு, வயது, ஊர்ப் பெருமை எதுவும் அந்த இடத்தில் உதவாது. என் பிடி சரி என்று நான் நம்பினால் போதாது. எதிராளி முழுப் பலத்தோடும் அதைக் கழற்றப் பார்ப்பார். அவரால் முடியாதபோதுதான் அது சரி. பகுத்தறிவைப் பற்றி மேடைகளில் கேட்டதைவிட இந்தப் பாயில்தான் எனக்கு அது விளங்கியது.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ ஓர் ஆசிரியர். 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி என்ற புத்த கோவிலில், 12 பாய் விரிக்கும் இடத்தில் அதைத் தொடங்கினார். பழைய ஜுஜுத்சுவில் ஆளை முடமாக்கும் அடிகளையும் முறிப்புகளையும் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கினார். மிஞ்சியவற்றை ஒவ்வொரு நாளும், முழு வேகத்தில், உண்மையாக எதிர்க்கும் ஆளிடம் செய்து பார்க்கலாம் என்றாயிற்று. கொல்லும் வித்தைகளைச் செய்து பார்த்துச் சரிபிழை காண வழியில்லை. குரு சொன்னார் என்று நம்புவதுதான் கதி.

பிரான்சுக்கு இது வந்து சேர்ந்த கதையில் ஓர் அகதியும் இருக்கிறார். இன்றைய உக்ரைனில் பிறந்த யூதரான மோஷே பெல்டன்கிரைஸ், பாரிஸில் பொறியியல் படித்து, ஜோலியோ-கியூரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். 1933இல் இங்கே கானோவைச் சந்தித்தார், 1936இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார், 1940இல் நாசிப் படைகள் வந்தபோது இங்கிலாந்துக்குத் தப்பினார். இன்று இந்த நாட்டில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜூடோ சம்மேளன அங்கத்தவர்கள். அவர்களில் பேர்பெற்ற சம்பியன் தெடி ரினே கரிபியன் தீவான குவாதலூப்பில் பிறந்தவர். இன்னொரு சம்பியன் கிளாரிஸ் அக்பெக்னெனுவின் பெற்றோர் டோகோவிலிருந்து வந்தவர்கள்.

எங்கள் கூடத்துச் சுவரில் கானோவின் படம் இருக்கிறது. மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கத் தகப்பன் ஒருவர் மகனைச் சேர்க்க வந்தபோது என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, அந்தப் படத்துக்குப் பிள்ளை ஏன் கும்பிட வேணும்? எங்கட வேதத்தில இதுக்கு இடமில்லை."

"கும்பிடுறதில்லை அண்ணை. எதிர்ல நிக்கிற பிள்ளைக்கும் இதே மாதிரித்தான் குனியிறது. உன்னைக் காயப்படுத்த வரேல்லை எண்டு சொல்லுறது, அவ்வளவுதான்."

அவர் வாங்கில் இருந்து வகுப்பு முடியும்வரை பார்த்தார். மகன் இப்போதும் வருகிறான்.

சிலுவைச் சங்கிலியும் தாலிக்கொடியும் இங்கே கழற்றப்படுவது காயம் வராமல் இருப்பதற்காக. அதில் எவருக்கும் மனக்குறை இல்லை. தலையை மூடும் துணிதான் இந்த நாட்டில் சண்டையாகிவிட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதியின் வொஜ்தான் ஷஹெர்கானி, பாதுகாப்பானது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட தொப்பியோடு பொருதினார். 82 நொடிகளில் தோற்றார். எவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரெஞ்சு வீராங்கனைகளுக்கு ஹிஜாப் மறுக்கப்பட்டது. அரசு எந்த மதத்தையும் சாராமல் நிற்க வேண்டும் என்ற 1905ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் மதிக்கிறேன். என் போன்ற சிறுபான்மையினருக்கு அது ஒரு காவல். ஆனால் அரசுக்கான அந்தக் கடமையை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது அநியாயம். பகுத்தறிவின் பேரால் அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால், அவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குத்தான் வெற்றி.

அரசியல் பாய்க்கு வெளியே நிற்கும் என்று நான் நம்பவில்லை. 2019இல் டோக்கியோ உலகப் போட்டியில், நடப்புச் சம்பியனான ஈரானின் சயீத் மொல்லாயியை அவருடைய நாட்டு அதிகாரிகளே தோற்கச் சொல்லி நெருக்கினார்கள். இஸ்ரேலின் சாகி முக்கியை அவர் சந்தித்துவிடக் கூடாது என்பது காரணம். மொல்லாயி ஜெர்மனிக்குத் தப்பினார். பின்னர் மொங்கோலியாவுக்காகப் பொருதி டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். முக்கி இன்று அவருடைய நண்பர். அதே ஒலிம்பிக்கில் அல்ஜீரியாவின் பெத்தி நூரின், பலஸ்தீனத்துக்காக என்று சொல்லித் தானாகவே விலகினார். 10 ஆண்டுத் தடை கிடைத்தது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்க என்னால் முடியாது. குண்டுகளுக்குக் கீழ் வளர்ந்தவன் நான். நூரினின் கோபம் எனக்கு அந்நியமல்ல, அவருக்கான தண்டனை மிகை. விளாடிமிர் புட்டினைக் கௌரவத் தலைவராக 2022 வரை வைத்திருந்த உலக சம்மேளனம் அதை விதித்தது என்பதையும் மறக்க முடியவில்லை. ஆனால் ஒருவன் தன் மனச்சாட்சிப்படி விலகுவது வேறு, அரசு ஒருவனைத் தோற்கச் சொல்வது வேறு.

இதையெல்லாம் யோசிக்கும்போது இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களின் கூட்டங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. மண்டபம் எடுத்து, வீரவணக்கம் செலுத்தி, பேசத் தொடங்கினால், ஒரு கேள்வி கேட்டவன் துரோகி. தான் சொன்னது பிழை என்று ஒருவன் ஒப்புக்கொண்டால் அவனை விட்டுவிடும் வழக்கம் எங்களிடம் இல்லை. இருபது வருடம் கழித்தும் நெரிப்போம். அதனால் எவரும் ஒப்புக்கொள்வதில்லை. பாயில் அப்படி நடந்தால் அடுத்த கிழமை பயிற்சிக்கு ஆள் இராது. தனியாக ஜூடோ பழக முடியாது. என்னை எதிர்க்க ஓர் ஆள் வேண்டும், அவர் நாளைக்கும் சுகமாக வரவேண்டும். ஈழப் போராட்டம் சரியா பிழையா என்று இன்றும் முட்டிக்கொள்ளும் எங்களுக்கு இந்த ஒழுங்கு அவசரமாகத் தேவை.

ஆகவே இங்குள்ள தமிழ்ப் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பெண் பிள்ளைகளை எட்டு வயதில் ஆசையாய்க் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள். அவர்கள் பூப்பெய்தி, மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு செய்து முடித்ததும் அந்த வெள்ளை உடுப்பு அலுமாரிக்குள் போய்விடுகிறது. எந்தச் சட்டமும் தடுக்காமலே எங்கள் பிள்ளைகளை நாங்களே தடுக்கிறோம். செப்டெம்பரில் நகரசபைகள் 'சங்கங்களின் நாள்' என்ற நிகழ்வை நடத்தும். முதல் வகுப்புக்குப் பல சங்கங்கள் காசு வாங்குவதில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சாமத்திய வீட்டுக்குப் பிறகும் அனுப்புங்கள்.