கார்த்தேஜ் கடற்கரையும் தூனிஸ் கடைவீதியும்

மத்தியதரைக் கடலின் தென்கரையில், சிசிலித் தீவுக்கு எதிர்முகமாக அமைந்துள்ள சிறு நாடு துனீசியா. அதன் தலைநகராகிய தூனிஸுக்கு வடகிழக்கே, மின்சார இரயிலில் அரைமணி நேரப் பயணத்தில் இருக்கிறது கார்த்தேஜ். 1872-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை அது. ஏரியைக் குறுக்கே கடந்து, கடலோரமாகவே ஓடி, கார்த்தேஜ் என்னும் பெயர் தாங்கிய சின்னஞ்சிறு நிலையங்கள் பலவற்றில் நின்று நின்று செல்கிறது. ஒரு நிலையத்தின் பெயர் 'கார்த்தேஜ் ஹன்னிபால்'. பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்த பெயரை இரயில் நிலையப் பலகையில் காண்பது ஒரு தனி அனுபவமே.

எனினும் நாங்கள் முதல் நாள் இரயிலில் செல்லவில்லை. வழிகாட்டியுடன் கூடிய ஒருநாள் சுற்றுலாவில் சேர்ந்து, பேருந்திலேயே சென்றோம். இந்தச் சுற்றுலாக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. காலையில் அந்தோனீன் குளியல் மாளிகை, பிறகு பீர்சா குன்று, உச்சிவேளையில் சிதி பூ சயீத் என்னும் மலைச் சிற்றூர், மாலையில் தூனிஸ் நகரின் பழைய கடைவீதி. புனித பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் உயிர்நீத்த அரங்கம் இந்தப் பட்டியலில் இல்லை. "அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை" என்றார் வழிகாட்டி. அவர் கூறியதில் பாதி உண்மை.

குளியல் மாளிகை கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், அந்தோனீனுஸ் பீயுஸ் பேரரசர் காலத்தில், கடல் அலை வந்து மோதும் இடத்திலேயே கட்டப்பட்டது. நாம் இன்று பார்ப்பது குளியல் கூடங்களை அன்று; அவற்றுக்கு அடியில், அடிமைகள் விறகிட்டு அடுப்பெரித்த நிலவறைகளையே. மேலே எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்பதைக் காட்ட, பதினைந்து மீட்டருக்கும் மேற்பட்ட ஒரே ஒரு தூணை மீண்டும் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். நகருக்குத் தண்ணீர், 130 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கால்வாய் வழியாக ஸக்வான் மலையிலிருந்து வந்ததாம். அருகிலேயே குடியரசுத் தலைவர் மாளிகை இருப்பதால், அத்திசையில் புகைப்படம் எடுக்கலாகாது எனக் காவலர் எச்சரிக்கின்றனர்.

பீர்சா குன்றின் மீதுதான் ஆதி கார்த்தேஜ் தொடங்கியது. விவிலியத்தில் நாம் அடிக்கடி கேள்வியுறும் தீர் நகரத்து வணிகர், கி.மு. 814-இல் எலிஸ்ஸா என்னும் அரசியின் தலைமையில் வந்து குடியேறினர் என்பது மரபு. கி.மு. 146-இல் உரோமையர் அந்நகரைத் தீக்கிரையாக்கி, பின்னர் தாங்களே புதிய நகரொன்றைக் கட்டினர். குன்றின் உச்சியில் நிற்கும் பெருங்கோயில் கர்தினால் லவிஜெரி எழுப்பியது, 1890-இல் நிறைவுற்றது. சிலுவைப் போருக்கு வந்து, 1270 ஆகஸ்டு 25 அன்று இவ்விடத்தில் நோயுற்று இறந்த பிரெஞ்சு அரசர் புனித லூயியின் பெயரால் அமைந்தது. 1964-இல் திருச்சபைக்கும் துனீசிய அரசுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி, நூற்றுக்கு மேற்பட்ட மற்றக் கோயில்களுடன் அதுவும் அரசின் உடைமையாயிற்று. இப்போது அங்கே திருப்பலி இல்லை. பிற்காலத்தில் அது இசைநிகழ்ச்சிகளுக்குரிய மண்டபமாயிற்று. எங்களுள் வயதில் மூத்த தாய்மார் இருவர் வாசலிலேயே நின்று சிலுவை அடையாளம் வரைந்துகொண்டனர். வழிகாட்டி அதைக் கண்டு சற்றே ஒதுங்கி நின்றார். அவர் இஸ்லாமியர், மரியாதை அறிந்தவர். பீர்சாவிலிருந்து இறங்கும்போது, நாங்கள் மீண்டும் கேட்காமலே, பேருந்தை அரங்கத்தின் பக்கம் திருப்பச் சொன்னவரும் அவரே.

பைன் மரங்களின் நடுவே முட்டை வடிவில் ஒரு பள்ளம். சுற்றிலும் இடுப்பளவு, ஆளளவு உயரத்தில் சிதைந்த சுவர்கள். அவ்வளவுதான் அரங்கம். பல்லாயிரம் பேர் அமர்ந்து ஆரவாரித்த படிக்கட்டுகளின் கற்களைப் பிற்காலத்தார் வீடு கட்டப் பெயர்த்துச் சென்றுவிட்டனர். நடுவில் வெண்ணங்கிக் குருக்கள் அமைத்த சிறு நினைவிடம் இருக்கிறது. படைவீரருக்குரிய அரங்கில் அவர்கள் கொல்லப்பட்டதாகப் பழைய ஏடு கூறுவதால், அது வேறோர் இடமாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். ஆனால் நெடுங்காலமாக மக்கள் அவர்களை நினைவுகூர்வது இங்கேதான்.

நாள் 203 மார்ச் 7. பெர்பெத்துவாவுக்கு வயது 22. நல்ல குடியிற் பிறந்தவள். கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய். பெலிசித்தா அடிமைப் பெண். நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. இருவரும் மறைக்கல்வி பெற்றுவந்த நிலையிலேயே பிடிபட்டனர். காவலில் இருக்கும்போதே திருமுழுக்குப் பெற்றனர். சிறையில் பெர்பெத்துவா தன் கையாலேயே எழுதிய குறிப்புகள் இன்றளவும் நமக்குக் கிடைத்துள்ளன. கிறிஸ்தவப் பெண்ணொருத்தி எழுதி எஞ்சியுள்ள மிகப் பழைய எழுத்துகளுள் அதுவும் ஒன்று. அதில் இறையியல் விளக்கம் அதிகமில்லை. இருட்டறையின் வெக்கை, பால் கட்டிய மார்பின் வேதனை, குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தபோது சிறையே மாளிகையாகத் தோன்றியது, நரைத்த தந்தை காலில் விழுந்து மன்றாடியது, அவரை அடித்ததைக் கண்டு தானே அடிபட்டதுபோல் துடித்தது — இவைதாம் அதில் உள்ளன. தந்தை கிறிஸ்தவர் அல்லர். அவர் மீது அவளுக்கு வெறுப்பில்லை, இரக்கமே மிகுந்திருந்தது. இருந்தும் அவர் கேட்ட ஒரு சொல்லை அவள் சொல்லவில்லை.

பெலிசித்தாவின் கவலை வேறு. கர்ப்பிணியைக் கொல்லுதல் உரோமைச் சட்டத்துக்கு மாறானது. தோழர்கள் முன்னே செல்ல, தான் மட்டும் பின்தங்கி, கொலைபாதகர் கூட்டத்தோடு சாக நேருமோ என்று அவள் கலங்கினாள். தோழர் அனைவரும் கூடிச் செபித்தனர். எட்டாம் மாதத்திலேயே பேறுகால வேதனை கண்டது. பெண் குழந்தை. அதை ஒரு கிறிஸ்தவச் சகோதரி எடுத்துத் தன் மகளாக வளர்த்தாள் என்று ஏடு கூறுகிறது. அதற்குமேல் அக்குழந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாங்கள் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் அமர்ந்து இப்பகுதியை வாசித்தபோது, அக்குழந்தையின் பெயர் என்னவாக இருக்கும் என்று எங்களுடன் வந்திருந்த பத்து வயதுச் சிறுமி கேட்டாள். யாரிடமும் விடையில்லை. திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் 'பெலிசித்தா, பெர்பெத்துவா' என்று குருவானவர் சொல்லும்போது, அடிமையின் பெயர் தலைவியின் பெயருக்கு முன்னே வருவதை வாசகர்கள் கவனித்திருக்கலாம்.

1907-இல் இந்நகரின் பழைய கோயில் ஒன்றின் இடிபாட்டில், அவர்களுடைய பெயர்களைத் தாங்கிய கல்வெட்டுத் துண்டுகளை வெண்ணங்கிக் குருவாகிய தெலாத்ர் கண்டெடுத்தார். அவர் தொல்பொருள் ஆய்வாளர். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இம்மண்ணைத் தோண்டுவதிலேயே கழித்தவர்.

சிதி பூ சயீத் செல்லும் வழியில், கடலை நோக்கிய மேட்டில், புனித சிப்ரியானின் கோயில் எனக் கருதப்படும் இடிபாடு ஒன்று உண்டு. தூண்களின் அடிப்பகுதிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன, அப்பால் நீலக்கடல். கார்த்தேஜின் ஆயராகிய சிப்ரியான் 258 செப்டம்பர் 14 அன்று தலை வெட்டுண்டு இறந்தார். 383-இல், உரோமை நகருக்குக் கப்பலேறக் கருதிய அகுஸ்தீன், தம்மை விட்டுப் பிரிய மறுத்த அன்னை மோனிக்காவிடம், நண்பனை வழியனுப்ப வந்ததாகப் பொய் சொல்லிவிட்டு, இரவோடிரவாகப் புறப்பட்டது இக்கரையிலிருந்துதான். அவ்விரவு முழுவதும் அன்னை துறைமுகத்தருகே சிப்ரியானின் நினைவாலயத்தில் செபித்துக் கொண்டிருந்தார். விடிந்து பார்த்தால் கப்பல் இல்லை. பிள்ளைகளைத் தொலைதூரம் அனுப்பிவிட்டுக் கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் காத்திருக்கும் பெற்றோர் நம் பங்குகளில் ஏராளம்; அவர்களுக்கு இந்தக் கற்களின் நடுவே சற்று நின்று பார்க்கத் தோன்றும்.

இத்தனை பெரிய திருச்சபை என்னவாயிற்று? 411-இல் கார்த்தேஜில் கூடிய மாநாட்டில் கத்தோலிக்கரும் தொனாத்துப் பிரிவினருமாக 500க்கும் மேற்பட்ட ஆயர்கள் பங்கேற்றனர். 439-இல் வாண்டலர் நகரைக் கைப்பற்றினர். 698-இல் அரபியர் வசமாயிற்று. 1076-இல் பாப்பரசர் ஏழாம் கிரகோரியார் எழுதிய கடிதத்தில், புதிய ஆயரைத் திருநிலைப்படுத்தத் தேவையான மூன்று ஆயர்கள்கூட ஆப்பிரிக்காவில் இல்லையே என்று வருந்துகிறார். படையெடுப்பு ஒன்றையே காரணமாகச் சொல்வது போதாது என்பது எங்கள் எண்ணம். எகிப்திலும் அதே படையெடுப்பு நிகழ்ந்தது. ஆனால் அங்கே கோப்துக் கிறிஸ்தவர் இன்றும் இலட்சக்கணக்கில் உள்ளனர். அங்கே வேதாகமமும் வழிபாடும் நாட்டு மக்களின் மொழிக்கு வந்துவிட்டன. இங்கோ திருச்சபை இலத்தீன் மொழியிலேயே நின்றது. பெர்பெர் மக்களின் மொழியில் வேதாகமம் பெயர்க்கப்பட்டதற்குச் சான்றில்லை. போதாக்குறைக்குத் தொனாத்துப் பிரிவினை ஊருக்கு இரண்டு ஆயர், தெருவுக்கு இரண்டு கோயில் என்று குடும்பங்களைப் பிளந்து வைத்திருந்தது. கற்றோரும் செல்வரும் கப்பலேறி இத்தாலிக்குச் சென்றபின், எஞ்சியவர்க்குச் செபம் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்?

சிதி பூ சயீத் அழகிய ஊர். வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் எங்கு நோக்கினும். பைன் பருப்பு மிதக்கும் தேநீர் அருந்தினோம். விலை அதிகம்.

தூனிஸ் நகரின் பழைய கடைவீதி சைத்தூனா பெரும் பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்தது. நறுமணமும் தூய்மையும் உடைய தொழில்கள் பள்ளிவாசலை ஒட்டி. இரைச்சலும் நாற்றமும் உடைய கொல்லர், சாயக்காரர், தோல் பதனிடுவோர் தொழில்கள் தொலைவில். வாசனைத் திரவியக் கடைகள் இருக்கும் தெருவுக்கு 'சூக் அல் அத்தாரீன்' என்று பெயர். நம்மூரில் வழங்கும் 'அத்தர்' என்னும் சொல்லே அது! பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் இத்தெருவில் மணம் விற்கிறார்கள். கோடைகாலத்தில் மல்லிகை மொட்டுகளை ஈர்க்குகளில் கோத்து, நூலால் சுற்றிச் சிறு செண்டாக்கி விற்பர். ஆடவர் அதைக் காதில் செருகிக்கொண்டு நடப்பதைக் கண்டு எங்கள் பெண்கள் சிரித்தனர். மற்றொரு தெருவில் சிவப்புக் கம்பளித் தொப்பி செய்வோர். 1609-ஐ ஒட்டி ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் கொண்டுவந்த தொழில் அது. காய்ந்த முள்தலைகளைக் கொண்டு தொப்பியைத் தேய்த்துத் தேய்த்து, நூலிழை தெரியாமல் மென்மையாக்குகின்றனர்.

வழிகாட்டிகள் தவறாமல் ஒரு கம்பளக் கடைக்கும் ஒரு அத்தர் கடைக்கும் அழைத்துச் செல்வர். அங்கே விலை ஏறத்தாழ இரட்டிப்பு. அதில் ஒரு பங்கு அழைத்து வந்தவருக்கு. ஆகவே கடைவீதியை மட்டும் மறுநாள் வழிகாட்டியின்றிச் சுற்றிப் பார்ப்பதே மேல். வழி தவறினாலும் அஞ்ச வேண்டியதில்லை. பள்ளிவாசலின் கோபுரத்தைக் குறியாகக் கொண்டு திரும்பிவிடலாம். அப்பள்ளிவாசலின் தூண்களுள் பெரும்பாலானவை கார்த்தேஜ் இடிபாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதை வாசலில் நின்றே காணலாம். தொழுகைக் கூடத்தினுள் பிற சமயத்தார்க்கு அனுமதியில்லை.

பொற்கொல்லர் சந்தையாகிய 'சூக் அல் பெர்க்கா' சிறியது. வளையலும் சங்கிலியும் மின்னும் அந்தச் சதுக்கம், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூசுப் தேய் என்னும் ஆட்சியாளர் கட்டிய அடிமைச் சந்தை. கடற்கொள்ளையரிடம் சிக்கிய கிறிஸ்தவரும், பாலைவனம் கடந்து கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களும் இங்கே விலை கூறப்பட்டனர். நம் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் சபை எவர் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தப் புனித வின்சென்ட் தே பவுல், இச்சந்தை கட்டப்படுமுன், 1605-இல் தாமே பிடிபட்டுத் தூனிஸில் அடிமையாக விற்கப்பட்டதாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அக்கடிதத்தை ஐயுறும் வரலாற்றாசிரியர் உண்டு. ஆனால் 1645-இல் அவர் தம் குருக்களை இவ்வூருக்கு அடிமைகளிடையே பணிபுரிய அனுப்பியதில் ஐயமில்லை. 1846-இல் அகமது பேய் அடிமை முறையை ஒழித்தார். நகைக் கடைக்காரர் ஒருவரிடம் இதைக் கேட்டபோது, ஆம் என்று தலையசைத்துவிட்டு, தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

கடைவீதியின் கிழக்கு வாயிலைக் கடந்து சிறிது நடந்தால் பேராலயம். 1897-இல் திறக்கப்பட்டது. புனித வின்சென்ட் தே பவுல், புனித ஒலீவியா இருவர் பெயராலும் விளங்குகிறது. ஞாயிறு திருப்பலிக்குச் சென்றோம். நாட்டு மக்களாகிய கத்தோலிக்கர் மிகச் சிலரே. நிறைந்திருந்தோர் ஆப்பிரிக்கக் கண்டத்து நாடுகள் பலவற்றிலிருந்து படிப்புக்கும் பிழைப்புக்கும் வந்த இளைஞர். பாடல் முழங்கியது. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு தாய், முதுகில் துணியால் கட்டிய குழந்தையோடு நின்றாள். அது பாடல் முழுவதும் உறங்கிற்று.

நேரம் இருப்போர் லா குலெத் துறைமுகத்தில் இறங்கிப் புனித அகுஸ்தீன், புனித பிதேலிஸ் ஆலயத்தையும் காணலாம். சிசிலியிலிருந்து வந்து குடியேறிய மீனவர் கொண்டுவந்த திராப்பானி அன்னையின் சுரூபம் அங்கே உள்ளது. ஒரு காலத்தில் ஆகஸ்டு 15 அன்று அச்சுரூபத்தைக் கடற்கரை வரை பவனியாக எடுத்துச் செல்வர். யூதரும் இஸ்லாமியரும் உடன் நடப்பர். 1956-இல் நாடு விடுதலை பெற்றபின் சிசிலியர் பெரும்பாலோர் வெளியேற, பவனியும் நின்றது. 2017-இல் ஆலய வளாகத்தளவில் மீண்டும் தொடங்கியிருக்கிறது. இன்று அன்னையைச் சுமப்போருள் ஆப்பிரிக்க இளைஞரும் உண்டு. கூடி நிற்போருள் முக்காடிட்ட பெண்களும் உண்டு. வேளாங்கண்ணிக் கடற்கரையைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இரயிலில் சென்றால் தூனிஸிலிருந்து இருபது நிமிடங்களுக்குள் போய்ச் சேரலாம்.