மிச்சம் பிடித்த பணம்

கரக்பூரில் எங்கள் தமையனார் காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய பிக்கப் வண்டி ஒன்று உண்டு. எங்கள் ரயில்வே குமாஸ்தாச் சம்பளத்தோடு அவ்வருவாயும் சேர்ந்தே குடும்பம் நடக்கின்றது. சென்ற மழைக்காலத்தில் அதன் பவர் ஸ்டீயரிங் பம்பில் எண்ணெய் ஒழுகலாயிற்று. புதுப் பம்பின் விலை எங்களை மலைக்கச் செய்தது. பம்பின் பெல்ட்டைக் கழற்றி, ஸ்டீயரிங் பெட்டியின் இரு துளைகளையும் ஒரே குழாயால் இணைத்துவிட்டால் வண்டி ஓடும் என்றார் மெக்கானிக். இசைந்தோம்.

ஓடும்போது குறை அதிகம் தெரியவில்லை. நின்ற இடத்தில் திருப்புவதே பெரும்பாடாயிற்று. பம்பின் துணையை நம்பி அமைந்த பெட்டியாதலால், அத்துணை நீங்கியதும் அது சாதாரண ஸ்டீயரிங்கைவிடவும் கனத்தது.

ஒருநாள் கோல் பஜாரில் சிறுவன் ஒருவன் குறுக்கே ஓடினான். தமையனார் ஒடித்துத் திருப்பினார். சக்கரம் பாதியே திரும்பிற்று. நல்ல வேளையாகப் பிரேக் காத்தது. அன்றிரவு அண்ணியார் அவர் தோளுக்குத் தைலம் தேய்க்கக் கண்டோம். நாங்கள் மிச்சம் பிடித்த பணத்தை அத்தோளன்றோ செலுத்தி வந்தது!

மறுவாரமே சீட்டுப் பணத்தை எடுத்துப் பம்பும் குழாய்களும் புதிதாக மாட்டினோம். மெக்கானிக் எண்ணெய் ஊற்றி, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் பன்முறை திருப்பிக் காற்றைப் போக்கினார்.

சிக்கனம் நல்லதே. அதன் சுமை எவர் தோளில் இறங்குகிறது என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.