துடைத்த கை

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைப் பேணுவதில் நான் தேர்ந்தவன் என்று சென்ற ஆண்டு வரை எண்ணியிருந்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாக இருந்தபோது ஒரே மிதிவண்டியில் காயல்பட்டினத்துத் தெருக்களை வலம் வந்தவன் நான். அதன் சங்கிலிக்கு எண்ணெய் இடாமல் ஒரு வாரமும் கழிந்ததில்லை. ஆகவே வெளிநாட்டில் பணிபுரியும் என் மகன், எங்கள் முதுமைக்கு உதவட்டும் என்று கருநீல நிறத்தில் ஒரு கார் வாங்கி வாசலில் நிறுத்திச் சென்றபோது, அதனை ஓர் அமானிதமாகவே ஏற்றுக்கொண்டேன்.

சுபுஹு தொழுது திரும்பியதும் என் முதல் வேலை அந்தக் காரைத் துடைப்பதாக இருந்தது. கடற்கரை ஊராதலால் இரவு முழுவதும் மென்மணல் வந்து படியும். தெருவோர வேம்பிலிருந்து பூவும் பறவை எச்சமும் விழும். பழைய பனியன் துணி ஒன்றை எடுத்து, தண்ணீர் படாமல், வட்டம் வட்டமாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பின்னரே தேநீர் அருந்துவேன். ஞாயிறுதோறும் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்து தண்ணீர் விட்டுக் கழுவித் தருவான். பள்ளி இறுதி வகுப்பில் படிப்பவன்; அந்தச் சிறு கூலியில் தன் புத்தகச் செலவைப் பார்த்துக்கொள்பவன்.

எட்டு மாதங்கள் சென்றன. மகன் விடுப்பில் வருவதற்கு இரண்டு வாரங்கள் இருந்தன. ஒரு நண்பகலில் வெளியே வந்தவன் காரின் முன்மூடியைக் கண்டு திகைத்து நின்றேன். அதில் பிரதிபலித்த சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் மின்னின. கதவுகளிலும் அவ்வாறே. நிழலில் நிற்கும்வரை கண்ணுக்குத் தெரியாதவை, நேர் வெயிலில் தம்மைக் காட்டிக்கொண்டன. முன்மூடியின் நடுவே, எச்சம் காய்ந்து கிடந்த இடத்தில், நாணயம் அளவில் மங்கலான ஒரு வடு.

அடுத்த ஞாயிறு அந்தப் பையன் வந்தபோது வாசலிலேயே நிறுத்தினேன். “மணல் ஒட்டின துணியை வச்சுத்தானே தேய்ச்சே?” என்று கேட்டேன். “இல்லே மாமா, நல்லா அலசித்தான் கழுவினேன்” என்றான். நான் நம்பவில்லை. தெருவில் இருவர் பார்த்துக்கொண்டிருக்க, இனி வரவேண்டாம் என்று கூறி அனுப்பிவிட்டேன். அவன் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சென்றான்.

கார் வாங்கிய இடத்துப் பணிமனையில் காட்டினேன். முன்மூடிக்கும் இரண்டு கதவுகளுக்கும் மறுபடி பெயிண்ட் அடித்துவிடலாம் என்று எளிதாகக் கூறினார்கள். எட்டு மாதக் காருக்கு மறு பெயிண்டா என்று மனம் ஒப்பவில்லை. என் மைத்துனர்தாம் தூத்துக்குடியில் உள்ள ஒரு முதிய பெயிண்டரிடம் அழைத்துச் சென்றார். அம்பாசிடரும் பியட்டும் ஓடிய காலத்திலேயே வாட்டர் பேப்பர் பிடித்துப் பழகிய கைகள் அவருடையவை.

அவர் முதலில் எதையும் தொடவில்லை. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து வண்டியை ஒரு சுற்று வந்தார். பிறகு ஒரு முக்காலியில் ஏறிக் கூரையின் நடுப்பகுதியை நெடுநேரம் பார்த்தார். இறங்கி வந்து கேட்டார்:

“பாய், இதைத் தெனமும் யாரு தொடைக்கிறா?”

“நான்தான் அண்ணாச்சி. கழுவுறது ஒரு பையன்.”

“அந்தப் பையன் கூரையையும் கழுவுவானா?”

“ஸ்டூல் போட்டு ஏறி முழுசும் கழுவுவான்.”

“நீங்க கூரையைத் தொடைக்கிறதுண்டா?”

“எனக்கு அவ்வளவு தூரம் கை எட்டாது.”

அவர் விளக்கை என் கையில் கொடுத்தார். நானும் ஏறிப் பார்த்தேன். கூரையின் நடுப்பகுதி கண்ணாடி போல் மாசற்றிருந்தது. ஓரங்களில், என் கை எட்டும் எல்லை வரையில் மட்டும், அந்தச் சிலந்தி வலை. அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அன்று அவர் விளக்கிய செய்திகள் கார் வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன். பழைய வண்டிகள் பலவற்றில் நிறப்பூச்சே மேற்பூச்சாகவும் இருந்தது. தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும். இக்காலக் கார்களில் அப்படியன்று. இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிந்த பூச்சு ஒன்று. இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். மேலேயுள்ள தெளிந்த பூச்சு மட்டும் ஏறக்குறைய 40 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து அடியிலுள்ள நிறத்தைக் காப்பது அதுவே.

மணல் துகள் அந்தப் பூச்சைவிடக் கடினமானது. உலர்ந்த துணியால் துடைக்கும்போது நாம் தூசியை அகற்றுவதில்லை. தூசியைக் கொண்டு பூச்சைத் தேய்க்கிறோம். எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் சூடேறிய பூச்சின்மேல் அது காய்ந்து இறுகும்போது மேற்பரப்பை அரித்து வடுவாக்குகிறது. உப்புச் செறிந்த ஆழ்குழாய்த் தண்ணீரும் அப்படியே காயவிட்டால் வெண்புள்ளிகளைப் பதித்துவிடும்.

“கீறலை எப்படி எடுப்பீர்கள்?” என்று கேட்டேன்.

“கீறலை யாராலயும் எடுக்க முடியாது பாய். அது ஒரு பள்ளம். சுத்தியிருக்கிற நல்ல இடத்தைத்தான் அந்தப் பள்ளத்தோட மட்டத்துக்குத் தேய்ச்சுக் கொறைக்கணும்” என்றார்.

அந்தச் சொல் என்னை என்னவோ செய்தது. பிழை செய்த இடத்தைச் சரிசெய்ய, பிழையற்ற இடம் தன்னில் ஒரு பங்கை இழக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் இந்த வேலையை ஒரு காரின் ஆயுளில் சில முறைகள்தாம் செய்யலாம். அளவு மீறினால் காக்கும் பூச்சே தேய்ந்துவிடும்.

அவர் வேலை செய்த முறையை இரண்டு நாட்கள் உடனிருந்து கண்டேன். முதலில் கழுவினார். பின்னர் ஒருவகைக் களிமண் கட்டியை வழுக்கு நீர் தெளித்து உருட்டி, பூச்சில் ஒட்டியிருந்த அழுக்கைப் பெயர்த்தெடுத்தார். ஒரு சிறு கருவியை வைத்துப் பூச்சின் மொத்தக் கனத்தை இடந்தோறும் அளந்து குறித்தார். நகத்தால் வருடிப் பார்த்து, நகம் சிக்காத கீறல் பாலிஷுக்கு உரியது, சிக்கும் கீறல் உரியதன்று என்று பிரித்தார். முன்மூடியின் ஒரு மூலையில் மிக மென்மையான பாலிஷைக் கொண்டு சோதித்து, அது போதாது என்று கண்ட பிறகே சற்று வலிய கலவைக்குச் சென்றார். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி ஏமாற்றிவிடும் என்பதால், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்து விளக்கொளியில் பார்த்தார். முடிவில், பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகை மெல்லியதாகப் பூசினார்.

செராமிக் பூச்சு என்கிறார்களே என்று கேட்டேன். மெழுகைவிட நீண்ட நாள் உழைக்கும், தண்ணீரும் அழுக்கும் எளிதில் வழிந்தோடும் என்றார். ஆனால் மணல் ஒட்டிய துணியிலிருந்து எந்தப் பூச்சும் முழுமையாகக் காக்காது என்றும் சொன்னார்.

வலை மறைந்தது. எச்சத்தின் வடு மட்டும் மிக மெலிந்து எஞ்சியது. இன்னும் தேய்த்தால் போகும். ஆனால் அந்த இடத்தில் பூச்சு மெலிந்துவிடும் என்றார். “இருந்துட்டுப் போகட்டும்” என்றேன்.

ஊர் திரும்பியதும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே அந்தப் பையன் வீட்டுக்குச் சென்றேன். அவன் தாயார் கதவுக்குப் பின் நின்று, பிள்ளை ஏதும் தவறு செய்துவிட்டானோ என்று பதறினார். “தவறு செஞ்சது நான்மா” என்றேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளின் சொல்லை இப்படி நம்பாமல் விட்டிருப்பேனோ என்று அந்த வாசலில் நின்றபோது தோன்றியது. அவன் வெளியே வந்தான். கூரையின் கதையைக் கூறி, தெருவில் வைத்துச் சொன்னதால் தெருவிலேயே கேட்கிறேன் என்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “பரவாயில்லே மாமா” என்றான். ஆனால் அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறுதான் வந்தான்.

இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்தே கழுவுகிறோம். நிழலில் நிறுத்தி, முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மணலை ஓடவிடுகிறோம். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. மேலிருந்து கீழாகத் துடைக்கிறோம். பின்னர் மெல்லிய இழைத் துணியை ஒற்றி ஈரத்தை எடுக்கிறோம். எச்சம் கண்டால் நனைந்த துணியை அதன்மேல் சற்று நேரம் போட்டு ஊறவைத்து எடுக்கிறோம். தூசி படிந்த காரின்மேல் உறை போடுவதில்லை. காலையில் நான் அதைத் தொடுவதே இல்லை.

மகன் வந்தான். காரைப் பார்த்து, “புதுசு மாதிரியே வச்சிருக்கீங்க வாப்பா” என்று மகிழ்ந்தான். அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அவனை வெயிலில் அழைத்துச் சென்று முன்மூடியில் எஞ்சிய வடுவைக் காட்டி, நடந்த அனைத்தையும் சொன்னேன். காரைப்பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. “அந்தப் பையன் இப்போ வர்றானா?” என்று மட்டும் கேட்டான்.