சுவர் விளக்கும் ஒரு வாளித் தண்ணீரும்

பௌதிகம் படிக்கிற பிள்ளைக்குப் பழைய சுவர் விளக்குகளிடம் என்ன வேலை என்று நம் சங்கத்து நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை வந்து வாய்த்தது. வடகொல்கத்தாவில் நான் குடியிருந்த வீட்டைச் சென்ற ஆண்டு இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஏற்பாடாயிற்று. வீட்டுக்கார மூதாட்டியை நான் மாசிமா என்றே அழைப்பேன். அவருடைய கூடத்தில் இரண்டு பித்தளைச் சுவர் விளக்குகள் இருந்தன. வங்காளிகள் தேயால்கிரி என்பார்கள். வளைந்த கை, நுனியில் மேல்நோக்கிய கண்ணாடிக் குடை, சுற்றிலும் தொங்கும் பளிங்குத் துளிகள். பழைய சாமான் வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டுப் பித்தளையின் எடைக்கு ஒரு விலை சொல்லிப் போனார். "நீ படித்தவன். இது நியாயமா, சொல் பாபா" என்றார் மாசிமா. வீடு மாறும் செலவும் கண் சிகிச்சையும் அந்தப் பணத்தை நம்பியிருந்தன.

பர்மிங்ஹாம் ஆஸ்லர் கம்பெனி 1840களிலேயே இவ்வூரில் கடை திறந்து, செல்வர் மாளிகைகளுக்குப் பளிங்கு விளக்குகளை விற்றது. 1851-ல் லண்டன் பொருட்காட்சியில் 27 அடி உயரப் பளிங்கு நீரூற்றை நிறுத்தியவர்களும் அவர்களே. அதனால் விற்கிறவர்கள் எதையும் 'ஆஸ்லர்' என்று சொல்லக் கூசுவதில்லை. முத்திரை இல்லாவிட்டால் நான் நம்பமாட்டேன். மாசிமாவின் விளக்குகளில் முத்திரை இல்லை.

ஆனால் விளக்கின் கை பேசும். மெழுகுவத்திக்குச் செய்த கைக்குத் துளை வேண்டியதில்லை. பிற்காலத்தில் மின்சாரம் கொடுத்திருந்தால் கம்பி வெளியே ஊர்ந்து செல்லும். மின்சாரத்துக்கென்றே பிறந்ததில் கம்பிக்குத் துளை உண்டு, அடைப்பான் இராது. வாயு விளக்கிலோ குழாயும் உண்டு, வாயுவை நிறுத்தத் திருகு அடைப்பானும் உண்டு. கொல்கத்தாத் தெருக்களுக்கு வாயு வெளிச்சம் 1857-ல் வந்தது. மின்சாரம் 1899-ல் வந்தது. மாசிமா வீட்டு முதல் விளக்கின் நடுவில், அலங்காரக் குமிழ் என்று எல்லோரும் எண்ணியிருந்தது இறுகிப்போன அடைப்பான்! வாயு போன வழியிலேயே யாரோ துணி சுற்றிய மின்கம்பியைச் செலுத்தியிருந்தார்கள்.

இரண்டாவதின் குமிழ் வெறும் குமிழ்தான். காந்தத்தைக் கொண்டுபோனேன், பட்டென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. உள்ளே இரும்பு, மேலே பூச்சு.

பிறகு ஆர்க்கிமிடீஸைத் துணைக்கு அழைத்தேன். இரவல் தராசில் பளிங்குத் துளி ஒன்றை நூலில் கட்டி நிறுத்தேன்: 124 கிராம். வாளித் தண்ணீரில் அமிழ்த்தி நிறுத்தபோது 83. குறைந்தது 41, ஆக அடர்த்தி ஏறக்குறைய 3. ஈயம் கலந்த உயர்ந்த கண்ணாடி! இரண்டாவது விளக்கின் துளிகள் 2.5-ஐத் தாண்டவில்லை, ஜன்னல் கண்ணாடியின் இனம். மாசிமா அருகில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜோடி என்றால் விலை இரட்டிப்புக்கும் மேல் போகும். இதுவோ ஜோடியல்ல. ஒன்று உடைந்து, அதன் இடத்தில் பின்னாளில் ஒரு போலி வந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை, ஆயினும் சொன்னேன். "என் மாமனார் காலத்து வேலையாக இருக்கும்" என்றார், சிறிது நேரம் கழித்து. அவர் விளக்கைத் துலக்கித் தரட்டுமா என்று கேட்டபோது மட்டும் பதறித் தடுத்தேன். நம் வீடுகளில் புளி போட்டுப் பித்தளையைப் பொன்னாக்குவது பெருமை. பழம்பொருள் வாங்குகிறவர்கள் அந்தக் கருமைக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

நூறாண்டைக் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருவதில்லை. ஆதலால் உள்ளூர் ஏலத்துக்கே கொண்டுபோனோம். ஒற்றை விளக்கு, வியாபாரி இரண்டுக்கும் சேர்த்துச் சொன்ன விலையைப்போல் நான்கு மடங்குக்குப் போயிற்று. கண் சிகிச்சை முடிந்துவிட்டது.

போலியை மாசிமா விற்கவில்லை. புது வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிறார். வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது.