கவசமும் வேலியும்

போருக்குச் செல்லும் வீரன் மார்பில் கவசம் பூணுகின்றான். அது அவன் உயிரைக் காக்கும். அவன் பின்னால் நிற்பவனைக் காக்காது. உழவன் தன் வயலோரத்தில் வேலி கட்டுகின்றான். மேய வந்த மாடு அவ்வேலியைக் கண்டு திரும்புமாயின், அவன் பயிர் மட்டுமன்று, அப்பால் உள்ள வயலின் பயிரும் பிழைக்கின்றது. இரண்டும் காவலே. ஆயினும், ஒன்று தன்னை மட்டும் காப்பது. மற்றொன்று பிறரையும் காப்பது.

தடுப்பூசி இவற்றுள் எது? கொரோனா நோய் பரவியிருந்த 2021ஆம் ஆண்டில் என் நண்பர் இருவர் இதுபற்றி நெடுநேரம் வாதிட்டனர். ஒருவர் ஆசிரியர், மற்றவர் வணிகர். "ஊசி போட்டுக்கொள்ள மறுப்பவர் ஊருக்கே தீங்கு செய்கின்றார்" என்றார் ஆசிரியர். வணிகரோ, "என் தம்பி இரண்டு முறை ஊசி போட்டுக்கொண்டான். அவனுக்கும் நோய் வந்தது. அவனிடமிருந்து அவன் மனைவிக்கும் தொற்றியது. ஆகவே, போட்டுக்கொள்பவர் தம்மைக் காத்துக்கொள்கின்றார். போடாதவர் தமக்கே கேடு தேடுகின்றார். இதில் ஊராருக்கு என்ன வழக்கு?" என்று கேட்டார்.

இதனை வெறும் சொற்போர் என்று தள்ளிவிட இயலாது. தடுப்பூசி கவசம் மட்டுமே ஆயின், அதனை அணிவதும் அணியாததும் அவரவர் விருப்பம் எனலாம். அது வேலியும் ஆயின், என் செயலால் அடுத்த வீட்டுக் குழந்தை நலம் பெறும், அல்லது கெடும். அப்போது அது என் விருப்பம் மட்டும் அன்று. ஆனால், நண்பர் இருவரும் தடுப்பூசி என்பது எங்கும் ஒரே தன்மையது என்று எண்ணிப் பேசினர். உண்மை அவ்வாறு இல்லை. இதனை நன்கு விளக்குவது இளம்பிள்ளை வாதத்தின் வரலாறாகும்.

போலியோ எனப்படும் அந்நோயின் வைரஸ் வாய்வழியே உடலுள் புகுந்து, தொண்டையிலும் குடலிலும் பெருகி, மலத்தோடு வெளியேறும். அது கலந்த நீராலும் தூய்மையற்ற கையாலும் பிறரை அடையும். தொற்றுக்கு ஆளானவருள் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கைகால் முடங்கும். பெரும்பாலோருக்கு எந்த நோய்க்குறியும் தோன்றாது. ஓடி விளையாடும் குழந்தையே, தானும் அறியாமல், தாயும் அறியாமல், தெரு முழுவதும் நோயைப் பரப்பிவிடக்கூடும்.

அமெரிக்க அறிஞராகிய ஜோனாஸ் சால்க் இந்த வைரசைக் கொன்று ஊசி மருந்து ஒன்றை ஆக்கினார். அது பயன் தருகின்றது என்னும் செய்தி 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் வெளியானபோது, பெற்றோர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அம்மருந்து குருதியில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கும். வைரஸ் குடலிலிருந்து குருதிவழியே நரம்பு மண்டலத்தை அடைய முயலும்போது, அவ்வாற்றல் அதனை வழிமறிக்கும். ஆனால், குடலின் உட்சுவரில் அது போதிய காவலை வைப்பதில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் ஆல்பர்ட் சேபின் என்பார் வைரசைக் கொல்லாமல், அதன் வலிமையை மட்டும் குறைத்துச் சொட்டு மருந்தாக்கினார். விழுங்கும் மருந்து ஆதலின், அது வைரஸ் பெருகும் இடமாகிய குடலிலேயே காவல் வைத்தது. முன்னது சிறந்த கவசம். பின்னது கவசமும் ஆகும், வேலியும் ஆகும்.

இவ்வேறுபாடு இசுரேல் நாட்டில் வெளிப்படையாகத் தெரிந்தது. 2005ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் சொட்டு மருந்தை விடுத்து ஊசி மருந்தை மட்டுமே குழந்தைகளுக்குக் கொடுத்து வந்தனர். கழிவுநீரை எடுத்து அவ்வப்போது ஆராயும் நல்ல வழக்கமும் அங்கு இருந்தது. 2013ஆம் ஆண்டில், நாட்டின் தென்பகுதியில் எடுத்த கழிவுநீரில் போலியோ வைரஸ் காணப்பட்டது. அது ஒரு நாள் வந்து மறைந்ததன்று. பல மாதம் நிலைத்திருந்தது. ஆனால், ஒரு குழந்தைக்கேனும் கால் முடங்கவில்லை! ஊசி தன் கடமையைக் குறைவின்றிச் செய்தது. குழந்தைகளின் குடலிலோ வைரஸ் தங்கிப் பரவிக்கொண்டிருந்தது. ஆகஸ்டு மாதத்தில் அரசு ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. "எங்கள் குழந்தைகள் ஊசியால் காக்கப்பட்டவர்கள் ஆயிற்றே, பிறர்பொருட்டு இவர்களுக்கு ஏன் மற்றொரு மருந்து?" என்னும் கேள்வி அங்கு எழுந்தது. என் வணிக நண்பரின் கேள்வியே அது. கேள்வியோடு நில்லாமல் பெற்றோர் பலர் தம் குழந்தைகளை அழைத்து வந்தனர். அடுத்த ஆண்டில் கழிவுநீரிலிருந்து அவ்வைரஸ் மறைந்தது.

இதனைக் கொண்டு ஊசி மருந்தைப் பழித்தல் முறையன்று. சுவீடன் நாடு ஊசி மருந்து ஒன்றைக் கொண்டே போலியோவை ஒழித்தது. தூய நீரும் நல்ல கழிப்பிட வசதியும் உள்ள இடத்தில் மலத்தின்வழிப் பரவல் குறைவு. தொண்டைவழிப் பரவலை ஊசியும் குறைக்கும். கவசம் வேலி ஆவதும் ஆகாததும், இவ்வாறு, ஊரின் சாக்கடையைப் பொறுத்தும் இருக்கின்றன! சொட்டு மருந்துக்கும் ஒரு குறை உண்டு. மருந்து பெற்றோர் குறைவாக உள்ள இடங்களில், அதிலுள்ள வலிமை குன்றிய வைரஸ் ஆளுக்கு ஆள் பரவி, மிக அரிதாக மீண்டும் வலிமை பெற்றுவிடும். இதனாலேயே 2016ஆம் ஆண்டில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரசை நீக்கினர்.

நம் நாட்டில் வேறொரு தடை இருந்தது. மேலைநாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று முறை கொடுத்தால் போதியதாயிருந்த சொட்டு மருந்து, நம் குழந்தைகள் பலருக்குப் போதவில்லை. வேலூரில் ஜேக்கப் ஜான் என்னும் மருத்துவ அறிஞர் இதனை ஆராய்ந்து கூறினார். ஒரே நாளில் ஊர்க்குழந்தைகள் அனைவருக்கும் மருந்து கொடுக்கும் முறையை அந்நகரில் நடத்தியும் காட்டினார். 1995ஆம் ஆண்டு முதல் அம்முறை நாடு முழுவதும் பரவிற்று. 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் 741 குழந்தைகள் போலியோவுக்கு ஆளாயினர். 2010இல் 42 பேர். 2011இல் ஒரே ஒரு குழந்தை. அதற்குப் பின் இயற்கைப் போலியோ வைரசால் ஒரு குழந்தையும் இங்கு முடங்கவில்லை. வேலூரிலேயே நடந்த மற்றோர் ஆய்வு 2014இல் வெளியாயிற்று. முன்பே சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளுக்கு ஊசியும் போட்டால், குடலின் காவல் மேலும் வலுப்பெறும் என்பதை அது காட்டிற்று.

இனி, என் நண்பர்களின் வழக்குக்கு வருவோம். கொரோனா தடுப்பூசிகள் தொடக்கத்தில் தொற்றையும் பெருமளவு குறைத்தன. பின்னர் டெல்டா, ஓமிக்ரான் என வைரஸ் உருமாறிற்று. மாதங்கள் செல்லச் செல்ல உடலின் எதிர்ப்பாற்றலும் தளர்ந்தது. வேலியில் இடைவெளிகள் விழுந்தன. கொடிய நோயையும் இறப்பையும் தடுக்கும் கவசமோ பெரிதும் நிலைத்தது. ஆசிரியர் வேலியின் உறுதியை மிகைப்படுத்தினார். வணிகர் தம் தம்பி வீட்டை உலகமாக எண்ணினார். பரவுதல் குறைவது வேறு, அறவே நிற்பது வேறு என்பதை அவர் கருதவில்லை. மருந்தின் எல்லையைத் தொடக்கத்திலேயே உள்ளவாறு எடுத்துரைத்திருந்தால், பின்னாளில் மக்களுக்கு இத்துணை ஐயம் தோன்றியிராது என்பது என் கருத்து.

தட்டம்மைக்கு இட்ட வேலி உறுதியானது. தடுப்பாற்றல் இல்லாதவரிடையே, அந்நோயாளி ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை நோய் தொற்றும் என்பர். ஆதலால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரேனும் காப்புப் பெற்றால்தான் வேலி நிற்கும். நம் நாட்டில் ஒன்பது மாதம் நிறைந்த பின்னரே அதற்குரிய முதல் ஊசி போடப்படுகின்றது. அதுவரை அக்குழந்தைக்குத் தாய் தந்த எதிர்ப்பாற்றல் சிறிது காலம் துணை நிற்கும். அது தேய்ந்த பின், ஊசி போட்டுக்கொண்ட அயலாரே துணை.

பெரியம்மையின் வேலி இன்னும் உறுதியாக நின்றது. நோயுற்றவர் ஒவ்வொருவரையும் தேடிக் கண்டு, அவரைச் சுற்றியிருந்தோர் அனைவருக்கும் அம்மை குத்தினர். இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர், சோமாலியாவின் மெர்க்கா நகரில் மருத்துவமனைச் சமையற்காரராக இருந்த அலி மாவோ மாலின் என்பவர். ஊசி வலிக்கும் என்று அஞ்சி அவர் அதனைத் தவிர்த்திருந்தார். 1977ஆம் ஆண்டு அக்டோபரில், நோயுற்ற குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்டச் சில நிமிடம் அதில் சென்றார். நோய் அவரைப் பற்றியது. உடனே அவருடன் பழகியோரையும் அந்நகரத்தாரையும் தேடி அம்மை குத்தினர். அவரிடமிருந்து ஒருவருக்கும் நோய் பரவவில்லை. அவரும் பிழைத்தார். பிற்காலத்தில் அவர் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்தார். தாய்மார் தயங்கிய இடங்களில் தம் கதையைச் சொல்லிக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கச் செய்தார். 2013ஆம் ஆண்டு அப்பணியில் இருந்தபோதே மலேரியாக் காய்ச்சலால் இறந்தார்.