பறவைகளின் புறப்பாட்டு நாள்

ஜெர்மனி நாட்டின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரைத் தன் எல்லையில் காட்டிக்கொண்டு பரந்து கிடக்கிறது கான்ஸ்டன்ஸ் ஏரி. 536 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நீர்ப்பரப்பின் கரையை ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதன் மேற்குக் கிளையில் அமைந்த ராடோல்ஃப்செல் என்னும் சிறு நகரை, வெரோனா நகரத்து ஆயராக இருந்த ராடோல்ஃப் 826ஆம் ஆண்டில் நிறுவினார். எதிரே தெரியும் ரைஹெனாவு தீவில், அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னதாகவே, 724இல், புனித பிர்மின் ஒரு துறவு மடத்தை எழுப்பிவிட்டார்.

இவ்வட்டாரத்துப் பங்குக் குரு ஒருவர் விடுமுறையில் சென்றிருந்தபோது, அவருக்குப் பதிலாகச் சில வாரங்கள் பூசை வைக்க நாம் அங்குச் சென்றோம். ஆகஸ்டு மாதம் முடியும் தறுவாய் அது. ஜூலை மாதத்து மூன்றாம் ஞாயிறன்று நகரின் பாதுகாவலர் திருவிழா நடைபெறுமாம். மறுநாள் திங்கட்கிழமை விடியற்காலையில், எதிர்க்கரையிலுள்ள மோஸ் என்னும் ஊரார் அலங்கரித்த படகுகளில் பவனியாக வருவார்களாம். பழங்காலத்தில் கால்நடைகளுக்கு வந்த கொள்ளைநோய் நீங்கியதற்கான நேர்த்திக்கடன் அது. அதைக் காணும் பேறு நமக்குக் கிட்டவில்லை. ஆனால் ஆகஸ்டின் கடைசியில் அந்த ஏரிக்கரையில் வேறொரு புறப்பாடு தொடங்குகிறது. அதற்குக் கொட்டு முழக்கமும் இல்லை, அறிவிப்பும் இல்லை.

நகரை ஒட்டி ஏரிக்குள் நாக்குப்போல நீண்டிருக்கும் நிலத்துண்டுக்கு மெட்னாவு என்று பெயர். நாணற்காடும் சதுப்பும் புதரும் மண்டிய இடம். மாலைப் பொழுதில் அங்கு நடந்து சென்றபோது, கருநீலக் கனிகள் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் செடிகளில் சிட்டுக்குருவியினும் சற்று மெலிந்த சாம்பல்நிறப் பறவைகள் அவசரம் அவசரமாய்த் தின்றுகொண்டிருந்தன. ஆணுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி; பெண்ணுக்கும் குஞ்சுக்கும் பழுப்புத் தொப்பி. இதுவே கருந்தலைக் கதிர்க்குருவி. எடை 18 அல்லது 20 கிராம். அத்துணை அவசரமாய் அது கொழுப்பைச் சேர்ப்பது வழிப்பயணத்துக்காக. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஓர் இரவில் அது கிளம்பி, ஸ்பெயினுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் பறந்து போய்விடும்.

இங்கே ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்தது அதே ஆண்டின் கோடையில்தான். அது பறப்பது இருளில், தனியே. தாயோ தந்தையோ உடன் செல்வதில்லை. ஐரோப்பியக் குயிலின் கதை இன்னும் வியப்பானது. அது வேற்றுப் பறவையின் கூட்டில் பிறந்து, வேற்றுப் பறவையால் ஊட்டப்பட்டு, பெற்றோரை ஒரு நாளும் காணாமல் வளர்கிறது. குஞ்சுக்குச் சிறகு முதிருமுன்னே பெரிய குயில்கள் ஆப்பிரிக்கா போய்விடுகின்றன. ஆயினும் உரிய காலத்தில் அதுவும் கிளம்புகிறது. அப்படியானால் ‘இன்று புறப்படு’ என்று அதற்குச் சொல்பவர் யார்?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களின் இல்லம், ராடோல்ஃப்செல்லுக்கு அடுத்த மெக்கிங்கன் கிராமத்தில் இருக்கிறது. பிரபுக் குடும்பமொன்றுக்கு உரிய, நீரகழி சூழ்ந்த பழைய மாளிகை அது. இதன் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1901ஆம் ஆண்டில், பால்டிக் கடலோரம் ரோசிட்டன் என்னும் மணற்கரைக் கிராமத்தில், இறையியல் பயின்ற யோஹன்னஸ் தீனமான் என்பவர் உலகின் முதல் பறவை ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். பறவைகளின் காலில் எண் பொறித்த வளையமிட்டு, அவை எங்கே போகின்றன என்று கண்டறியும் பணியில் முன்னின்ற நிலையம் அது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அந்நிலப்பகுதி ஜெர்மனியின் கையைவிட்டுப் போயிற்று. வலசைப் பறவைகளை ஆராய்ந்தவர்கள் தாமே வலசை வந்ததுபோல, 1946இல் அந்நிலையம் இந்த மாளிகையில் புகலிடம் பெற்றது. 2019 முதல் இவ்வமைப்பு, விலங்கு நடத்தை ஆய்வுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் என்று வழங்குகிறது.

கூண்டில் வளரும் வலசைப் பறவை, புறப்பாட்டுக் காலம் வந்ததும் இரவெல்லாம் உறங்காமல் சிறகடித்துத் தாவித் தவிக்கும் என்பது, பறவை வளர்க்கும் ஜெர்மானியர் 18ஆம் நூற்றாண்டிலேயே கண்ட செய்தி. இத்தவிப்பை அளந்தால் பயணத்தையே அளந்ததாகும் என்பது மெக்கிங்கன் ஆய்வாளர்களின் எண்ணம். பேட்டர் பெர்த்தோல்டும் அவருடைய துணைவர்களும், கூண்டின் அமருங்கொம்புக்கு அடியில் மின்விசைப் பொத்தானை வைத்தார்கள். பறவை தாவும்போதெல்லாம் கருவி பதிவு செய்யும். எந்த நாளில் தவிப்பு தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, ஓர் இரவில் எத்தனை அரைமணிகள் அது ஓயாதிருந்தது என்பதெல்லாம் கணக்காயிற்று. நெடுந்தொலைவு செல்லும் இனத்துக்குத் தவிப்பு அதிக நாட்கள். அருகே செல்லும் இனத்துக்குக் குறைவு.

அடுத்து அவர்கள் செய்ததுதான் பெரிய காரியம். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கானரித் தீவுகளிலும் இதே கருந்தலைக் குருவி வாழ்கிறது. அங்கு ஆண்டு முழுவதும் இதமான காலநிலையாதலால் அது ஊரைவிட்டு அசைவதில்லை. ஜெர்மானியக் குருவியையும் கானரிக் குருவியையும் இணைசேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். 1981இல் வெளியான முடிவு இதுவே: கலப்புக் குஞ்சுகளின் தவிப்பு, தாய்வழிக்கும் தந்தைவழிக்கும் ஏறக்குறைய நடுவே நின்றது. கற்றுக்கொடுப்பார் எவருமில்லாத கூண்டில், பாதி ஜெர்மானியன் பாதிப் பயணம் செய்தான்!

மரபுவழி என்றதும், புரூன் நகரத்து அகுஸ்தீனார் மடத்தில் பட்டாணிச் செடி வளர்த்த துறவி மெண்டலை நம் வாசகர் நினைவுகூர்வர். அவர் நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே வந்தது. குருவியிலோ நடுத்தரம் வந்தது. பட்டாணியின் உயரத்தை ஒரே மரபணு முடிவு செய்தது. பறவையின் பயணத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒவ்வொன்றும் சிறிது சிறிதாய்ப் பங்கு செலுத்த, கலப்பின் விளைவு இடையில் வந்து நிற்கிறது. பிற்காலத்தில் ஆய்வாளர் அம்மரபணுக்களைத் தனித்தனியே தேடினர். 2011இல் கருந்தலைக் குருவியில் ஒன்று அகப்பட்டது. அதன் பெயர் எழுத்தும் எண்ணுமாய் நீள்வதால் வாசகருக்கு அந்தத் தொல்லை வேண்டாம். தவிப்பின் வேறுபாட்டில் மிகச் சிறு பங்கையே அது விளக்கிற்று. ‘வலசை மரபணு’ என்று ஒன்றைத் தனியே சுட்டிக்காட்டலாம் என எண்ணுவது இதுவரை கண்ட உண்மைக்குப் பொருந்தாது.

புறப்படும் நாளுக்கும் இதே கதைதான். மெக்கிங்கனைச் சுற்றியுள்ள காடுகளில் எடுத்த குஞ்சுகளை ஒரேவிதமான கூண்டில், ஒரேவிதமான உணவில் வளர்த்து, உறவுள்ளவற்றையும் உறவற்றவற்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு குருவி மற்றொன்றுக்கு முந்துவதிலும் பிந்துவதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஆனால் பாதிக்குக் குறைவாக, மரபுவழி வந்ததென்று 2001இல் வெளியிட்டனர். எஞ்சியது பொரித்த நாள், உணவு, உடல்நிலை முதலியவற்றைச் சார்ந்தது. ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் விடியலில் எழுவதும் வெயில் ஏறிய பின் எழுவதுமாய் இருப்பதைக் காணும் பெற்றோருக்கு இது விளங்காமற் போகாது.

இனி, மரபுவழி வந்த இக்கடிகாரம் எப்படி ஓடுகிறது? இதை அறிய விரும்பி, பங்குப் பணி முடிந்ததும் ரயிலேறி பவேரியா மாநிலத்துக்குச் சென்றோம். மியூனிக் நகருக்குத் தென்மேற்கே ஆண்டெக்ஸ் என்னும் திருத்தலம் இருக்கிறது. மக்கள் அதைப் ‘புனித மலை’ என்பர். ஹெர்ஷிங் நிலையத்தில் இறங்கி, ஓடைப் பள்ளத்தாக்கு வழியே மரநிழலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறிச் சென்றால், புனித ஆசீர்வாதப்பர் சபை மடத்தின் கோபுரம் தென்படும். 1455இல் நிறுவிய மடம்; 1803இல் அரசாங்கம் பறித்துக்கொண்டது; 1850இல் முதலாம் லுட்விக் மன்னன் திருப்பித் தந்தான். துறவிகள் காய்ச்சும் பீரின் புகழைப் பற்றி நாம் எழுதினால் சில குடும்பங்களில் தேவையற்ற உற்சாகம் உண்டாகுமாதலால் அதை விட்டுவிடுகிறோம்.

இம்மலையடியிலுள்ள எர்லிங் சிற்றூரில்தான் யூர்கன் ஆஷோஃப் என்னும் அறிஞர், உயிர்களின் உட்கடிகாரத்தை ஆராய்ந்தார். 1960களில் மலைச்சரிவைக் குடைந்து நிலவறை ஒன்று கட்டினார். வெயிலும் மணியோசையும் எட்டாத அவ்வறையில் தாமே முன்வந்த மனிதர்கள் வாரக்கணக்கில் தங்கினார்கள். சூரியனைக் காணாமலும் அவர்கள் முறையாக உறங்கி விழித்தார்கள். ஆனால் அவர்களது ‘நாள்’ பெரும்பாலும் 24 மணியைச் சற்றே தாண்டி ஓடிற்று.

அவரோடு பணியாற்றிய எபர்ஹார்ட் க்வின்னர், நாளுக்குப் பதிலாக ஆண்டை எடுத்துக்கொண்டார். சின்னஞ்சிறு கதிர்க்குருவிகளை, ஆண்டு முழுவதும் 12 மணி வெளிச்சம், 12 மணி இருள், மாறாத வெப்பம் என்ற அறையில் வைத்தார். கோடையா குளிரா என்று அறிய ஓர் அடையாளமும் இல்லை. ஆயினும் அவை உரிய காலத்தில் இறகு மாற்றின, கொழுத்தன, இரவில் தவித்தன, அடங்கின, மீண்டும் தவித்தன. ஆண்டுக்கணக்கில் இச்சுழற்சி நின்றபாடில்லை. ஆனால் ஒன்று: அவற்றின் ‘ஆண்டு’ 12 மாதமாக இல்லாமல், பல பறவைகளில் 10 மாதத்தை ஒட்டி ஓடிற்று. பகலின் நீளம் கூடுவதையும் குறைவதையும் கண்டே அவை தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கின்றன. கடிகாரமும் பரம்பரைச் சொத்து. அதைத் திருத்திக்கொள்ளும் முறையும் பரம்பரைச் சொத்து.

இந்தச் சொத்து இப்போது பறவைக்குச் சுமையாகும் அபாயம் இருக்கிறது. ஈப்பிடிப்பான் இனத்தில் கறுப்பும் வெள்ளையுமான ஒன்று, 12 கிராம் எடையோடு மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் ஐரோப்பியக் காடுகளுக்குத் திரும்புகிறது. ஓக் மரத்துத் தளிரில் புழுக்கள் பெருகும் சில வாரங்களே அதன் குஞ்சுகளுக்கு விருந்துக் காலம். பூமி சூடேறி வருவதால் தளிரும் புழுவும் முன்னதாகவே வந்துவிடுகின்றன. ஐரோப்பாவில் வசந்தம் விரைந்துவிட்டது என்பதை ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவை எப்படி அறியும்? அங்குப் பகலின் நீளம் ஆண்டுதோறும் ஒன்றே. உட்கடிகாரம் சொன்ன நாளில் அது கிளம்புகிறது. வந்து சேரும்போது பந்தி முடிந்துவிட்டது. நெதர்லாந்தில் புழுக்காலம் மிகவும் முந்திவிட்ட காடுகளில், இருபது ஆண்டுகளில் இப்பறவை 100க்கு 90 என்ற அளவில் குறைந்துவிட்டதென்று 2006இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

ஆனால் பரம்பரைக் கடிகாரம் கல்லில் வெட்டியதன்று. பெர்த்தோல்டு குழுவினர், சில பயணம் செய்வதும் சில ஊரிலேயே தங்குவதுமான தென்பிரான்ஸ் கருந்தலைக் குருவிகளைப் பிரித்து இணைசேர்த்தபோது, மூன்று முதல் ஆறு தலைமுறைகளுக்குள் ஒரு கிளை முற்றும் பயணிகளாகவும் மறு கிளை முற்றும் தங்குபவையாகவும் மாறின. திறந்தவெளியிலும் இது நடக்கிறது. மெக்கிங்கன் வட்டாரத்தில் 1988 முதல் 2001 வரை எடுத்து வளர்த்த குஞ்சுகளில், தவிப்பின் அளவு படிப்படியாய்க் குறைந்து வந்தது. மத்திய ஐரோப்பாவில் பொரித்த குருவிகளில் ஒரு பகுதி, 1960கள் முதல் தெற்கே போகாமல் பிரிட்டனுக்குச் சென்று, தோட்டங்களில் மக்கள் வைக்கும் தீனியை உண்டு குளிர்காலத்தைக் கழிக்கிறது. அவற்றைப் பிடித்து வந்து இணைசேர்த்ததில், ஒருபோதும் பிரிட்டனைக் காணாத குஞ்சுகளும் அத்திசையையே நோக்கித் தாவின.

ஈப்பிடிப்பானுக்கும் இது இயலுமா? 1981இல் க்வின்னர், தென்ஜெர்மனியின் ஓரிடத்தில் எடுத்த குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்து, ஆப்பிரிக்கப் பயணத்தில் அவை காணக்கூடிய பகல் நீளத்தை விளக்குகளால் அமைத்து, அவற்றின் ஆண்டுச் சுழற்சியைப் பதிவு செய்திருந்தார். 21 ஆண்டுகள் கழிந்து 2002இல் அதே இடத்துக் குஞ்சுகளைக்கொண்டு அதே ஆய்வை, அதே ஒளி அளவோடு, மறுபடியும் நடத்தினார். 2004இல் அவர் காலமானார். குறிப்புகளை பார்பரா ஹெல்மும் உடனாய்வாளரும் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். 2002ஆம் ஆண்டுப் பறவைகளின் வசந்தக் கடிகாரம் ஏறக்குறைய 9 நாட்கள் முந்தி ஓடிற்று. வெளிச்சம் ஒன்றே, உணவு ஒன்றே. ஆகவே மாறியது உள்ளிருந்த கடிகாரமே. முந்தி வந்தவை அதிகக் குஞ்சுகளை வளர்த்தன. பிந்தி வந்தவற்றின் வழித்தோன்றல் குறைந்தது.

அவ்விடத்துக் காட்டில் முட்டையிடும் நாள் இதே காலத்தில் 11 நாட்கள் முந்திவிட்டது. ஒன்பது போக எஞ்சிய இரண்டு நாளை, வந்திறங்கிய பின் கூடு கட்டுவதில் விரைவு காட்டி ஈப்பிடிப்பான் ஈடுசெய்கிறது போலும்.